தார் பூசிய கதவில் ஒரு சட்டப் படம்

போன கிழமை ஆசிரியர் அறையில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், உரிமை, கடமை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சாமான்கள். அதுகளை வட்டமும் கோடும் போட்டுக் காட்டுறது பிள்ளையளை ஏமாத்துற வேலை இல்லையோ?" தேத்தண்ணி ஆறப்போகிறது என்று சொல்லி அன்றைக்குத் தப்பிவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு உள்ள பெரிய வசதி, கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக யோசிக்கலாம் என்பதுதான். யோசித்ததை எழுதியிருக்கிறேன். சட்டவியல் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

வெள்ளைக்காரன் போவானா, போகமாட்டானா என்று தேத்தண்ணிக்கடைகளில் பந்தயம் பிடித்துக்கொண்டிருந்த காலம். பகலில் நான் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களில் பிறக்கிராசி என்னும் சட்டத்தரணி. கட்சிக்காரர்கள் முதலில் வந்து அழுவது பிறக்கிராசிமாரிடம்தான்; அழுகையை மனுவாக மாற்றுவது எங்கள் தொழில். பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில், சட்டச் சோதனைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குச் சட்டவியல் படிப்பித்தேன். எனக்கு வழக்குகள் குறைவு. ஆகவே படிப்பித்தல் நன்றாக நடந்தது.

சட்டவியலில் பிள்ளைகளைத் திணறடிப்பது, சட்ட விதி என்றால் என்ன, அது இரண்டு மனிதருக்கிடையில் என்ன செய்கிறது என்ற பகுதி. புத்தகத்தில் அது பக்கம் பக்கமாகப் போகும். நான் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டேன். ஒன்று நான், மற்றது முன்வாங்கில் இருந்த தியாகு என்ற மாணவன்.

"தியாகு, உம்மட சைக்கிளை நான் இரவல் வாங்கியிருக்கிறன் எண்டு வையும். திருப்பிக் கேக்க உமக்கு உரிமை. திருப்பித் தர எனக்குக் கடமை. இது ரெண்டு விஷயமில்லை, ஒரே கோடு. உம்மட பக்கம் நிண்டு பாத்தால் உரிமை, என்ர பக்கம் நிண்டு பாத்தால் கடமை." வட்டங்களுக்கு நடுவில் தடித்த கோடொன்று இழுத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"இனி ரெண்டு பேரும் வெள்ளவத்தை ஸ்டேசனில ரயில் ஏறுறம். ஒரு சீற்தான் இருக்கு. அதில இருக்க எனக்குத் தடையில்லை. ஆனால் நீர் முந்தி ஓடிப்போய் இருந்திட்டீர். எனக்கு எரிச்சல் வரும், ஆனால் வழக்கு வைக்கேலாது. ஏனெண்டால் எனக்கிருந்தது உரிமையில்லை, தடையின்மை. அதைக் கீறுறன், பாருங்கோ." மறுபடி இரண்டு வட்டம் போட்டேன். நடுவில் ஒன்றும் போடவில்லை. பெருமையோடு திரும்பி நின்றேன்.

"சேர், கோட்டைக் கீற மறந்திட்டீங்கள்" என்றான் தியாகு.

"மறக்கேல்லை. அதுதான் படம். எங்களுக்கு நடுவில ஒண்டுமில்லை."

"அப்ப சோதினையில நான் ஒண்டும் எழுதாமல் விட்டால் புள்ளி தருவீங்களோ?"

வகுப்பு சிரித்து முடியச் சுணங்கியது. கீழே புடைவைக்கடைக்காரர் தடியால் முகட்டில் தட்டினார். அன்றையிலிருந்து தடையின்மைக்கும் ஒரு கோடு கொடுத்தேன். புள்ளிப் புள்ளியான கோடு. இல்லாததையும் பிள்ளைகளின் கண்ணுக்குக் காட்டத்தான் வேண்டும். இதனால் எனக்குக் "கோட்டுச் சேர்" என்று பட்டம் வந்தது. கோடு கீறுவதாலா, வழக்காடக் கோட்டுக்குப் போவதாலா, வெயிலிலும் கழற்றாத என் கறுப்புக் கோட்டாலா என்று நான் விசாரிக்கவில்லை.

இந்தப் புள்ளிக்கோடும் தடித்த கோடும் பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு வளவுக்குள் எனக்குத் தேவைப்பட்டன.

அங்கே பிலோமினா அக்கா என்பவர் கதிரை வாடகைக்கு விடும் தொழில் செய்தார். கலியாணம், செத்த வீடு, கோயில் திருநாள் எதுவென்றாலும் அவருடைய கதிரைகள் போகும். துறைமுகத்தில் வேலை செய்த கணவர் இறந்த பிறகு பிள்ளைகளை வளர்த்தது அந்தக் கதிரைகள்தான். அவர் வீட்டு முன்னொழுங்கையில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். கதிரை ஏற்றிய தள்ளுவண்டி பக்கத்து வளவுக்குள்ளால்தான் பெரிய தெருவுக்குப் போகும். பத்து வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் போய்வந்தது.

பக்கத்து வளவு ஒரு ஹாஜியாருடையது. புறக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த கண்ணியமான மனிதர். திடீரென்று ஒருநாள் அவர் அந்தப் பாதையில் இரட்டைக் கதவு போட்டு, தார் பூசி, பூட்டும் போட்டுவிட்டார். பிலோமினா அக்கா கதிரைகளைக் கூலியாட்களின் தலையில் ஏற்றி ஒழுங்கையால் அனுப்பிப் பார்த்தார். கதிரைக்கால்கள் சுவரில் முட்டின. ஆட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். ஒரு செத்த வீட்டுக்குக் கதிரைகள் பிரேதம் எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அப்போதுதான் என்னிடம் வந்தார்.

"எனக்கு ஹாஜியாரோட கோவமில்லை, ஐயா. எனக்கு வண்டி போகோணும். வண்டி போகாட்டி நான் என்ன, கதிரையில இருந்துகொண்டு கதிரையைப் பாக்கிறதோ?"

சட்டம் சுருக்கமானது. பத்து வருஷத்துக்கு மேல், யாருடைய தயவும் கேளாமல், தன்னுடைய பாதை போல ஒருவர் பாவித்தால் அது அவருக்கு உரிமையாகிவிடும். கேட்டுக் கேட்டுப் போனால் எத்தனை வருஷம் போனாலும் அது வெறும் அனுமதி. கொடுத்தவர் எப்போதும் நிறுத்தலாம். வழக்கு வைத்தேன்.

ஹாஜியாருடைய பிறக்கிராசி பாமன்கடையைச் சேர்ந்தவர். மெல்லிய மனிதர், மெல்லிய குரல், பொல்லாத பேனா. அவருடைய மறுமொழியில் ஒரு பந்தி இப்படி இருந்தது: வழக்காளி வருடந்தோறும் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தட்டு கேக்குடன் எதிராளியின் வீட்டுக்கு வந்து, அடுத்த வருடத்துக்கும் பாதையைப் பாவிக்க அனுமதி கேட்பது வழக்கம், எதிராளி கேக்கை ஏற்றுக்கொண்டு அனுமதி வழங்குவது வழக்கம்.

வாசித்ததும் எனக்குப் பொறாமை வந்தது. ஒரு தட்டுக் கேக்கால் பத்து வருஷத்தையும் அழித்துவிட்டார் மனுஷன். பிலோமினா அக்காவிடம் கேட்டேன்.

"கேக் குடுத்தனான்தான். நத்தாருக்கு அயலட்டைக்குக் குடுக்காமல் நானே முழுக்கத் தின்னுறதோ?"

"பாதையைப் பற்றி ஏதும் கதைச்சனீங்களோ?"

"வருஷா வருஷம் கதைக்கிறதுதானே. வண்டி போறதால உங்களுக்குக் கரைச்சல் இல்லையே எண்டு கேப்பன். இல்லையில்லை எண்டு அவர் சொல்லுவார். மரியாதைக்குக் கேக்கிறதுதானே, ஐயா?"

மரியாதைக்குக் கேட்டது! இதை அவர் சாட்சிக்கூண்டில் சொன்னால் வழக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

டிஸ்திரிக் நீதவான் ஓர் ஆங்கிலேயர். கேக் பந்தியை இரண்டு தரம் வாசித்தார். தான் இதுவரை கேக்கைப் பற்றித் தீர்ப்பு எழுதியதில்லை, இந்த வயதில் தொடங்க விருப்பமும் இல்லை; இரு தரப்பும் அந்த இடத்துக்குப் போய்ப் பேசிப் பாருங்கள், முடியாவிட்டால் வழக்கை விளக்கத்துக்கு எடுத்து விசாரிக்கிறேன் என்று தவணை கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, கதவடியில் நால்வரும் கூடினோம்: பிலோமினா அக்கா, ஹாஜியார், பாமன்கடைப் பிறக்கிராசியார், நான். ஹாஜியாரின் மனைவி வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். திரை அசைந்துகொண்டிருந்ததால் அவர் நிற்பது எல்லாருக்கும் தெரிந்தது.

பேச்சு தொடங்கியதும் பிசகியது. "இது என்ட வளவு. என்ட வளவுல நான் கதவு போட்டா அது பிழையா?" என்றார் ஹாஜியார். "கதவு போடுங்கோ. பூட்டு ஏன் போட்டீங்கள்?" என்றார் பிலோமினா அக்கா. நானும் பாமன்கடையாரும் இடையில் புகுந்து சட்டச் சொற்களைப் போட்டோம். நாங்கள் போட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்களுடைய குரல் ஒரு படி ஏறியது. கடைசியில் ஹாஜியார் கையை உதறினார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்குப் புரியல்ல. கோட்டுலயே பாத்துக்குவோம்" என்று வீட்டுப்பக்கம் திரும்பிவிட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் உள்ளே போயிருந்தால் வழக்கு விளக்கத்துக்குப் போயிருக்கும். பிலோமினா அக்கா கூண்டில் ஏறி, மரியாதைக்குக் கேட்டேன் என்று சொல்லியிருப்பார். கதிரைகள் வீட்டுக்குள்ளேயே உக்கியிருக்கும். என்ன சொல்லி மறிப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். வகுப்புச் சோக்கட்டி அகப்பட்டது. முன்னால் கன்னங்கரேலென்று கதவு நின்றது.

"ஹாஜியார், இந்தக் கதவில ஒரு படம் கீறலாமோ?"

அவர் நின்றார். "கீறுங்க. தார் நல்லாக் காஞ்சிட்டு" என்றார். கதவைப் பற்றி அவருக்குப் பெருமை இருந்தது.

இடக்கதவில் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றில் பிலோமினா, மற்றதில் ஹாஜியார் என்று எழுதினேன். நடுவில் தடித்த கோடு. "இது அக்கா சொல்லுற கதை. அவவுக்கு உரிமை, மறிக்காமல் விடுறது உங்களுக்குக் கடமை. இந்தக் கோட்டை நீங்கள் தனிய நிண்டு அழிக்கேலாது."

"அப்படியெண்டா மத்தக் கதவுல எங்கட கதையையும் போடுங்க" என்றார் பாமன்கடையார். நியாயம்தான். வலக்கதவில் அதே இரண்டு வட்டம். பிலோமினாவிடமிருந்து ஹாஜியாருக்கு ஓர் அம்பு. அதன்மேல் கேக் என்று எழுதினேன். "இந்த அம்பு அனுமதி கேக்கிறது." ஹாஜியாரிடமிருந்து பிலோமினாவுக்குப் புள்ளிக்கோடு. "இது நீங்கள் குடுத்த அனுமதி. விரும்பின நேரம் அழிக்கலாம்." விரலால் ஒரு புள்ளியை அழித்தும் காட்டினேன். எதிர்த்தரப்பின் கதையை எங்கள் கதையைவிட வடிவாகக் கீறவேண்டும் என்பது என் பிடிவாதம். கோணலாகக் கீறினால் படத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஹாஜியார் கிட்ட வந்து வலக்கதவை உற்றுப் பார்த்தார். தனக்குச் சாதகமான படத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். முகம் சிவந்தது.

"இது என்ன படம்? அவங்கட வீட்டுலருந்து கேக் வருது. எங்கட வீட்டுலருந்து ஒண்டும் போகாத மாதிரி ஈக்குதே?"

"ஹாஜியார், அது வழக்குக்குத் தேவையில்லை" என்றார் பாமன்கடையார், மெல்லிய குரலை இன்னும் மெல்லியதாக்கி.

"வழக்குக்குத் தேவையில்லாட்டி என்ன? இதப் பாக்கிற ஆள் என்ன நினைப்பான்? நாங்க தட்ட வெறுசா அனுப்புற குடும்பமா? ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டலப்பம் போகுது. ஒரு வருஷமும் தப்பல்ல. அதையும் போடுங்க, மாஸ்டர்."

"ஹாஜியார், விடுங்கோ..."

"போடுங்க!"

போட்டேன். ஹாஜியாரிடமிருந்து பிலோமினாவுக்கு, முதலாவதைப் போலவே ஓர் அம்பு. மேலே வட்டலப்பம். பாமன்கடையார் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது.

நான் மெதுவாகக் கேட்டேன்: "ஹாஜியார், இந்தப் படத்தில அம்பு எண்டால் அனுமதி கேக்கிறது. அப்ப நீங்கள் அக்காவிட்ட என்னத்துக்கு அனுமதி கேட்டனீங்கள்?"

பிலோமினா அக்கா ஹாஜியார் வீட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு மதிலடியைப் பார்த்தார். "அவையின்ர கூரைத்தண்ணி முழுக்க என்ர வளவுக்குள்ளாலதானே ஓடுது" என்றார், அப்போதுதான் கண்டுபிடித்தவர் போல.

ஜன்னல் திரை சட்டென்று விலகியது. "நான் அனுப்பின வட்டலப்பம் தண்ணிக்கில்ல! அது பெருநாளைக்கு!"

"என்ர கேக்கும் வண்டிக்கில்லை, ராத்தா! அது நத்தாருக்கு!"

இரண்டு பெண்களும் ஒரே கட்சியில் நின்று சத்தம் போட்டார்கள். எதிர்க்கட்சியில் ஹாஜியாரும் பாமன்கடையாரும் நானும் நின்றோம். எழுதிய வசனத்தில் கேக் மட்டும் போய்க்கொண்டிருந்தபோது ஒருவருக்கும் உறுத்தவில்லை. படத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது, அந்த வெறுமையைப் பொறுக்காதவர் அதற்குரியவரே. உங்களுடைய கேள்விக்கு என் பதிலில் பாதி இது. படம் கீறிவிட்டு, அதைப் பார்த்து யாருக்குக் கோபம் வருகிறதென்று பாருங்கள். விடுபட்டது என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.

மற்றப் பாதி கொஞ்சம் கஷ்டமானது. அந்த நேரத்தில் நான் வென்றுவிட்டேன். சமாதானப் பேச்சில் சொன்னதை நீதிமன்றத்தில் எடுக்கமுடியாது என்பது உண்மை. ஆனால் ஹாஜியாரைக் கூண்டில் ஏற்றி, பெருநாளைக்குப் பக்கத்து வீட்டுக்கு என்ன அனுப்புவீர்கள் என்று அப்பாவி போலக் கேட்க எந்தச் சட்டமும் என்னை மறிக்காது. அவர் பெருமையோடு சொல்லுவார். பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்பேன்; வட்டலப்பம் அனுமதி கேட்டதில்லை என்றால் கேக்கும் இல்லை. நாக்கு நுனியில் அந்தக் குறுக்கு விசாரணை முழுவதும் ஆயத்தமாக நின்றது. சின்னப் பிறக்கிராசிக்கு இது பெரிய விருந்து.

ஹாஜியாரைப் பார்த்தேன். தானே போடச்சொன்ன அம்பைப் பார்த்தபடி நின்றார். தட்டை வெறுமையாக அனுப்பாத குடும்பம் என்று சொன்னதற்காகத் தோற்கப்போகிற மனிதர். பிலோமினா அக்காவின் வண்டி தீர்ப்போடு ஒருநாள் போவதில்லை, ஒவ்வொரு நாளும் இவருடைய ஜன்னலடியால் போகவேண்டும். கைலேஞ்சியை எடுத்து வலக்கதவைத் துடைத்தேன். தாரில் சோக் முழுதாகப் போகவில்லை. சாம்பல் நிறமாகப் பரவியது.

"என்னத்துக்கு அழிக்கிறீங்க?" என்றார் ஹாஜியார்.

"இது பிழையான படம். ஹாஜியார், ஒண்டு கேக்கிறன். இவ்வளவு வருஷம் வண்டி போகேக்க நீங்கள் பேசாமல் இருந்தனீங்கள். இப்ப ஏன் கதவு?"

மனுவிலும் மறுமொழியிலும் எங்கும் இல்லாத கதை அப்போதுதான் வந்தது.

"மகள்ட கலியாணத்துக்கு நான் கதிர கேட்ட. இல்லண்டுட்டாங்க. கோட்டையிலருந்து கதிர எடுத்த. கலியாணத்துக்கு வந்த ஆக்களெல்லாம், பக்கத்து வீட்டுல கதிர மலை போல ஈக்குதே, ஏன் அவங்க தரல்லயா எண்டு கேக்குறாங்க. நான் என்ன சொல்ற?"

பிலோமினா அக்கா நெஞ்சில் கை வைத்தார். "அண்டைக்கு என்ர நல்ல கதிரை முழுக்க ஹெந்தளைக் கோயில் திருநாளுக்கு. எப்பவோ வாக்குக் குடுத்திட்டன். வீட்டில கிடந்தது கால் முறிஞ்சதுகள். உங்கட கடை ஆள் வந்து கேக்கேக்க இதைத்தானே சொல்லி விட்டனான்!"

"அவன் இல்லண்டு மட்டும்தான் வந்து சொன்ன."

நான் இடக்கதவின் ஓரத்தில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், மூன்றாவது வட்டமொன்று போட்டு ஹெந்தளை என்று எழுதினேன். பிலோமினாவிலிருந்து அதற்குத் தடித்த கோடு இழுத்தேன். "இந்தக் கோடு உங்களுக்குத் தெரியாமல் இருந்தது, ஹாஜியார். அண்டைக்கு அவ உங்களுக்குக் கதிரை தந்திருந்தால் இதை அறுத்துத்தான் தந்திருக்கோணும்."

வியாபாரி அவர். அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். "வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்" என்றார், தனக்கே சொல்வது போல. பிறகு உரத்து: "அந்த மடையன நாளைக்குக் கடையில வச்சிப் பேசிக்கொள்றன்."

துடைத்த வலக்கதவில் புதிய படம் போட்டோம். "போட்டோம்" என்கிறேன், ஏனென்றால் சோக்கட்டி இப்போது பாமன்கடையாரின் கையில் இருந்தது. இரண்டு தடித்த கோடு. ஒன்று வண்டிக்கு, ஒன்று கூரைத்தண்ணிக்கு. கேக்கையும் வட்டலப்பத்தையும் எங்கே போடுவது என்று அவர் கேட்டார். இரண்டு பெண்களும் ஒன்றாக, "அதை விடுங்கோ" என்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வண்டி எடுக்கக்கூடாது என்றார் ஹாஜியார். சரி என்ற பிலோமினா அக்கா, பெரிய வெள்ளியன்று தான் வண்டியே எடுப்பதில்லை என்பதையும் சேர்த்து எழுதச்சொன்னார். அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதை உறுதிப் பத்திரமாக எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று. நீதவானிடம் போய் வழக்கு தீர்ந்தது என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: கேக்குக்கு என்ன நடந்தது? அதைப் பற்றி ஒரு தரப்பும் வற்புறுத்தவில்லை, பிரபு என்றார் பாமன்கடையார்.

இந்தக் கதையை வாசித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றுக்கும் படம் கீறத் தொடங்கிவிடாதீர்கள். படம் அங்கே நின்ற எல்லாரையும் ஒரே இடத்தைப் பார்க்க வைத்தது, அவ்வளவுதான். பிறகு நடந்ததை அவர்கள்தான் செய்தார்கள். உங்கள் மாணவர்களுக்கும் முதலில் இதைச் சொல்லுங்கள்: தடித்த கோடு எங்கே, புள்ளிக்கோடு எங்கே என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் படத்துக்கு வெளியே போகிற கோடு ஏதும் உண்டா என்று கேட்கவேண்டும். பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடையாது. புதுக்கடையில் உண்டு.

உறுதி எழுதிய பிறகு முதல் தடவை வண்டி போவதைப் பார்க்க நானும் பாமன்கடையாரும் போயிருந்தோம். கொட்டாஞ்சேனையில் வேறு அலுவல் இருந்ததாக இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டோம். பூட்டு இல்லை. கதவு திறந்து கிடந்தது. பிலோமினா அக்கா முன்னால் வர, கூலியாட்கள் கதிரை நிறைந்த வண்டியைத் தள்ளிவந்தார்கள். கதவடியில் அவர் வண்டியை நிறுத்தினார். சட்டப்படி நிறுத்தத் தேவையே இல்லை.

"ஹாஜியார், போகட்டே?"

"போங்க, போங்க!" உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாமன்கடையார் என் முழங்கையைப் பிடித்தார். "கேட்டீரோ? இது கேக்கிறதோ, சொல்லுறதோ?"

"தெரியேல்லை" என்றேன்.

"எனக்கும் தெரியேல்லை."

வண்டி எங்களை நெருங்கிவிட்டது. இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டோம்.